மருந்து என்னும் பெயர் பூண்ட நஞ்சு

நம் மலைநாட்டுத் தோட்டங்களிலே காலைப் பெரட்டுக்குச் சென்று, "இன்று என்ன வேலை?" என வினவின், "மருந்தடிப்பு" என்னும் விடையை அடிக்கடி கேட்கலாம். புல்லைக் கொல்வது புல்லு மருந்து. புழுவைக் கொல்வது பூச்சி மருந்து. கொழுந்திற் கொப்புளம் போடும் நோய்க்குத் தெளிப்பதும் மருந்தே. கடைக்காரர் மருந்தென்றே விற்கின்றார். வாங்குவோரும் மருந்தென்றே கேட்டு வாங்குகின்றனர். தமிழிலே மருந்து என்னுஞ் சொல் நோய் தீர்ப்பதையும், உயிர் காப்பதையும், அமிழ்தத்தையும் குறிக்கும். திருவள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்துக்கு இப்பெயரையே சூட்டினார். ஆங்கு அவர் வற்புறுத்துவதும் அளவறிந்து உண்டு உடலைப் பேணும் நெறியையே. அங்ஙனமாகக் கொல்வதற்கென்றே ஆக்கப்பட்ட பொருளுக்கு உயிர் காப்பதன் பெயர் எவ்வாறு வாய்த்தது?

இலக்கணம் கற்ற மாணவர்க்கு இது புதிரன்று. தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூலார் மூன்றாக வகுப்பர். அமங்கலமானதை மங்கலச் சொல்லாற் சுட்டுதல் மங்கலம். நச்சரவை நாம் நல்ல பாம்பு என்பது இதன்பாற்படும். ஆயினும் நல்ல பாம்பு என்று அழைப்பவர் எவரும் அதனை வெறுங்கையாற் பிடிப்பதில்லை. பெயர் மாறினும் அச்சம் மாறவில்லை. மருந்து என்னும் பெயரோ அச்சத்தையும் உடன் களைந்துவிட்டது. வாளியிலே ஊற்றி வெறுங்கையாற் கலக்குகின்றோம். எஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைக்கின்றோம். சொல் மயக்கம் பொருள் மயக்கத்தில் முடிவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆகலின் இக்கட்டுரையில் நாம் பீடைகொல்லி என்னும் சொல்லையே ஆளுவோம். பீடை என்றது பயிருக்குத் துன்பம் விளைக்கும் பூச்சி, பூஞ்சணம், களை, எலி முதலிய யாவற்றையும்.

நஞ்சுக்கு நண்பனும் பகைவனும் ஒன்றே. இவ்வுண்மையை நிறுவப் பிறநாட்டு வரலாறுகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் மலைகளே அதற்குச் சான்று பகர்கின்றன.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையை நட்டபோது இம்மலைநாடு கோப்பி நாடாகவே இருந்தது. 1869இற் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் அடியோடு வீழ்ந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பல நூறு வகை மரமுஞ் செடியுமாய் நின்ற காட்டை அழித்து, மலை மலையாய் ஒரே பயிரை நிரைத்து நட்டால், அப்பயிரை உண்ணும் பூச்சிக்கு அது முடிவில்லாத விருந்து. காட்டிலே ஒரு செடியிலிருந்து அதே இனத்துச் செடி இன்னொன்றைத் தேடிப் பூச்சி நெடுந்தூரம் அலைய வேண்டும். தேயிலை மலையிலோ அடுத்த தூரே அதற்கு உணவு. கோப்பி தந்த இப்பாடத்தைத் தேயிலைத் துரைமார் நன்கு உணர்ந்திருந்தனர் போலும். 1925இலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பின்னர் அது தலவாக்கலைச் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்று, இன்றும் ஆங்கே இயங்கி வருகின்றது.

அக்காலத்தில் மேல்நாட்டுத் தேயிலையைப் பெரிதும் வருத்தியது ஓர் இலைசுருட்டிப் புழு. தளிரிலைகளைத் தன் வாய்நூலாற் பிணைத்து, அக்கூட்டினுள் மறைந்திருந்து தின்பது அதன் இயல்பு. கொழுந்தே விளைச்சலாகிய பயிரிலே கொழுந்தைத் தின்னும் புழு எத்துணைக் கேடு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளர் அதற்கு ஒரு பகையைத் தேடினர். ஜாவாத் தீவிலே அப்புழுவைப் பற்றி வாழும் சிறு குளவியொன்று இருந்தது. மக்ரோசென்றஸ் என்பது அதன் இனப்பெயர். 1935, 1936ஆம் ஆண்டுகளில் அதனை இங்குக் கொணர்ந்து மலைகளில் விட்டனர்.

குளவி என்றதும் நம் மக்கள் நடுங்குவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி வைத்தியசாலைக்குச் செல்வதும், சிலர் உயிர் துறப்பதும் இம்மலைநாட்டின் ஓயாத துயரங்கள். இச்சிறு குளவியோ அவ்வினத்ததன்று, மனிதரைக் கொட்டுவதுமன்று. அது புழுவைத் தேடிச் சென்று, அதன் உடலினுள்ளே முட்டையிடும். ஒரு முட்டை பலவாகப் பிரிந்து பல குஞ்சுகளாகும் வியப்பும் அதனிடம் உண்டு. இவ்வியல்பை ஆராய்ந்து காட் என்னும் அறிஞர் 1946இல் எழுதினார். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே உண்டு வளர, புழு மடியும். ஒரு புழுவிலிருந்து பல குளவிகள் புறப்படும். கூலி கேளாது, பம்பு சுமக்காது, மழையென்றும் பனியென்றும் பாராது அக்குளவிகள் மலை மலையாகத் தம் தொழிலைச் செய்தன. இலைசுருட்டிப் புழு பெரும்பாலும் அடங்கிற்று. அயலிலிருந்து கொணர்ந்த ஓருயிரைக் கொண்டு பீடையை அடக்கிய நற்செயல்களுள் உலகத்தார் எடுத்துக்காட்டும் ஒன்றாக இஃது ஆயிற்று.

பின்பு வந்தது டீல்ட்ரின். தேயிலைத் தண்டைத் துளைத்து உட்செல்லும் சிறுவண்டு ஒன்று உண்டு; எள்ளளவே இருக்கும். அது மரத்தை உண்பதில்லை. துளையினுள்ளே ஒரு பூஞ்சணத்தைப் பயிரிட்டு, அதனையே தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது. இவ்வகையில் அதுவும் ஓர் உழவனே! துளைபட்ட கிளை காற்றுக்கும் பறிப்பாரின் அசைவுக்கும் ஒடிந்து விழும். தண்டினுள் ஒளிந்திருக்கும் வண்டைப் பிடிக்க, நெடுநாள் அழியாது பட்டையிலே தங்கும் நஞ்சு வேண்டியிருந்தது. அப்பண்பு டீல்ட்ரினுக்கு இருந்தமையால் 1950களில் அதனைத் தெளிக்கலாயினர். வண்டு குறைந்தது உண்மை. ஆனால் பதினைந்து இருபது ஆண்டுகளாக அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு, டீல்ட்ரின் தெளித்த மலைகளிலே மீண்டும் பெருகிக் கிளம்பிற்று. வண்டுக்கு இட்ட நஞ்சு குளவியைக் கொன்றுவிட்டது. காவலாளி மாண்டபின் கள்வனுக்குத் தடை ஏது? சுள்ளியைப் போல் விறைத்து நின்று நம் கண்ணை ஏமாற்றும் வேறொரு புழுவும் பேரளவிற் பெருகியது. அதன் பெருக்கத்துக்குரிய காரணங்களை அந்நிலையத்து ஆய்வாளரான தந்தநாராயணாவும் கதிரவேற்பிள்ளையும் ஆராய்ந்து 1969இல் வெளியிட்டனர்.

இதனைக் கேட்டு ஒரு மாணவர், "அந்த நஞ்சு குளவியைக் கொன்றதுபோலப் புழுவையும் கொன்றிருக்க வேண்டுமன்றோ?" என வினவலாம். நல்ல வினா. புழு தான் பிணைத்த இலைக்கூட்டினுள் மறைந்திருப்பது. குளவியோ புழுவைத் தேடி இலைதோறும் நடந்து திரிவது. ஆதலின் இலைமேற் படிந்த நஞ்சு குளவியையே மிகுதியாகத் தீண்டும். அன்றியும், தெளிப்புக்குப் பின் எஞ்சிய சில புழுக்களுக்கு மலை முழுதும் உணவு. எஞ்சிய சில குளவிகளுக்கோ முட்டையிடப் புழுவைக் காண்டலே அரிது. உண்பது முந்தும், உண்பதை உண்பது பிந்தும். இவ்விடைவெளியிலே பீடை பெருகிவிடுகின்றது. அதன்பின் மீண்டும் தெளிப்பு. மீண்டும் தெளிக்குந்தோறும் நஞ்சைத் தாங்கவல்ல பூச்சிகளே தப்பிப் பிழைத்துத் தம் இனத்தைப் பெருக்குகின்றன. நேற்று ஒரு பங்கு போதுமாயிருந்த இடத்து இன்று இரு பங்கும் போதாதாகின்றது.

நெடுநாள் அழியாமை என்று முன்னர்க் கூறிய பண்பையே பூச்சிநூல் வல்லார் தொடக்கத்தில் ஒரு சிறப்பாகக் கருதினர். அதுவே குற்றமாயிற்று. டீல்ட்ரினும் டி.டி.ரியும் நீரிற் கரையா, கொழுப்பிலே தங்கும். புழுவிற் சிறிது, புழுவை உண்ட சிறு பறவையிற் பெரிது, சிறு பறவையை உண்ட பருந்தில் அதனினும் பெரிது எனப் படிப்படியாய் அவை திரளும். பருந்தினங்களின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே உடைந்ததை மேலைநாட்டார் கண்டனர். அமெரிக்க அறிஞர் ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட நூல் இவற்றை உலகறியச் செய்தது. டீல்ட்ரினும் டி.டி.ரியும் உள்ளிட்ட 12 பொருள்களை முதற்கண் கட்டுப்படுத்த 2001இல் ஸ்டொக்ஹோமில் நாடுகள் உடன்படிக்கை செய்தன.

ஒரு பக்கமே பேசுதல் ஆசிரியர்க்கு அழகன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் மலேரியாக் காய்ச்சலால் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் வீடுகளின் உட்சுவரில் டி.டி.ரி தெளிக்கப்பட்டது, 1963இலே நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. தெளிப்பை நிறுத்தியபின் அது 1968இல் மீண்டும் பரவியது. பின்னும் பல்லாண்டு உழைப்பின் பயனாக 2016இலேதான் நாடு மலேரியா நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே நஞ்சு எக்காலத்தும் வேண்டாதது என்று நாம் கூறவில்லை. சுவரிலே அளவோடு பூசுவது வேறு. மலை முழுதும் மழையெனப் பொழிவது வேறு.

இனி, பம்பைச் சுமக்கும் மனிதரிடம் வருவோம். நிறைந்த பம்பை முதுகில் ஏற்றிச் செங்குத்தான மலையில் ஏறி இறங்குபவர் அவர். ஒரு கை பிடியை இயக்க, மறு கை குழலை ஏந்தும். மலைக்காற்று ஒரு திசையில் நில்லாது. பள்ளத்திலிருந்து சுழன்றெழுந்து தெளித்த துளியைத் தெளித்தவர் முகத்துக்கே திருப்பும். பம்பின் மூடி கசிந்தால் முதுகு நனையும். நஞ்சு வாய்வழியாகத்தான் உட்புகும் என்று பலரும் எண்ணுகின்றனர். தோல் வழியாகவும் அது புகும். வியர்த்த தோல், புண்பட்ட தோல், அட்டை கடித்த தோல் ஆகியவற்றின் வழி இன்னும் எளிதிற் புகும்.

பூச்சிகொல்லிகளுள் ஒரு பெருங் குடும்பம் ஓகனோபொசுபேற்று எனப்படும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் ஒரு பொருள் நம் உடலில் உண்டு; செய்தி சேர்ந்தவுடன் அதனைச் சிதைத்து அமைதி உண்டாக்கும் நொதியமும் உண்டு. இந்நஞ்சு அந்நொதியத்தைக் கட்டிவிடும். செய்தி ஓயாது ஒலித்துக்கொண்டேயிருக்கும். வாயில் நீர் பெருகும், வியர்க்கும், வயிறு புரட்டும், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், தசை துடிக்கும், ஈற்றில் மூச்சுத் தசை ஓயும். வைத்தியசாலையில் அற்றோப்பீன் ஏற்றி உயிர் மீட்பர். ஆதலாற் காலந்தாழ்த்தாது கொண்டு செல்லுதல் இன்றியமையாதது. தேயிலை மலைகளில் நெடுங்காலம் புல்லு மருந்தாய் விளங்கிய பராகுவற்றுக்கோ அத்தகைய மாற்று மருந்தும் இல்லை. அது நுரையீரலை மெல்ல மெல்ல இறுகச் செய்வது.

கையுறை, முகமூடி, உயர்ந்த சப்பாத்து யாவும் அணிக என்று நூல்கள் விதிக்கின்றன. விதித்தவர் ஒருநாள் அவற்றை அணிந்து நம் மலையொன்றில் ஏறிப் பார்த்தால் நன்று. மூச்சு முட்டும் உடையைத் தொழிலாளர் கழற்றி எறிவதை அறியாமை என்று மட்டும் பழிப்பது முறையன்று. மேலும், தெளிப்பவர் ஆண்மகன் ஒருவராயினும் நஞ்சு அவரோடு நிற்பதில்லை. அந்த மலையிற் கொழுந்து பறிக்க வரும் பெண்களின் விரல்களையும், இடுப்பிற் கட்டிய படங்கையும் அது சேரும். மாலையில் அவர் கழற்றிய சட்டையை மனைவி பீலியிலே தோய்ப்பார். பிள்ளைகளின் உடுப்பும் அதே வாளியிற் கிடக்கும். தெளிப்புடையைத் தனியே தோய்க்க வேண்டும் என்னும் ஒரு சிறு செய்தி லயந்தோறும் சென்று சேருமாயின், அது பல சொற்பொழிவுகளினும் பயன்றரும்.

நஞ்சு வீட்டுக்குள் புகுந்ததன் பெருங்கொடுமை இன்னொன்று. அதனைச் சொல்லாது விடுதல் ஆகாது. 1995இலே இலங்கையில் நூறாயிரம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த எண்களுள் அஃது ஒன்று. அவருட் பெரும்பாலோர் பீடைகொல்லியால் மாண்டவர். சாக வேண்டும் என்று நெடுநாள் உறுதி பூண்டவர் அவருட் சிலரே. கணநேரச் சினம், கடன், குடும்பப் பூசல், தேர்விலே தோல்வி ஆகிய வேளையிற் கைக்கெட்டிய இடத்தில் நஞ்சு இருந்தது. கைக்கெட்டியது இத்துணைக் கொடியதாயிராவிடின் அவர் பிழைத்திருப்பர். மறுநாள் மனமும் மாறியிருக்கும்.

இவ்வுண்மையை உணர்ந்தவர்கள் நம் நாட்டிலே ஆரவாரமின்றி ஒரு பெருஞ் செயலைச் செய்தனர். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளைப் பதிவு செய்தற்கு வழிசெய்தது. 1984இற் பரத்தியோன், 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரையிற் பராகுவற்று, டைமெதோவேற்று, பென்தியோன் என மிகக் கொடியன ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 2005இலே அந்த எண் 24 ஆக, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1995 முதல் இருபது ஆண்டுகளில் இத்தடைகளாற் காக்கப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். விளைச்சல் வீழ்ந்துவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் மெய்ப்படவில்லை. நம் நாடு உலகுக்குக் கற்பித்த பாடங்களுள் இதனை முதல் வரிசையில் வைக்கலாம். எனினும் நம் மாணவருட் பலர் இதனைக் கேட்டதுமில்லை.

பிந்திய தடைகளின் வரலாறு வேறு. கிளைபோசேற்று என்னும் களைகொல்லி 2015இலே தடுக்கப்பட்டது. வடமத்திய மாகாணத்து உழவரை வருத்தும் சிறுநீரக நோயோடு அதற்குத் தொடர்புண்டு என்னும் ஐயம் தடைக்குக் காரணமாயிற்று. அவ்வையம் ஐயமாகவே நிற்கின்றது. தேயிலை மலைகளில் களை உயர்ந்தது. முற்காலத்தைப் போலச் சுரண்டி பிடித்துப் புல்லுவெட்ட ஆள் போதவில்லை. சில தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாட, அவற்றின் எச்சம் தேயிலையிற் காணப்பட்டு ஜப்பானியச் சந்தையிலே இடர் விளைந்தது. 2018இலே தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது. பின்னர் 2021இன் முற்பகுதியிலே, இரசாயன உரத்தையும் பீடைகொல்லியையும் ஒருசேர இறக்குமதி செய்யாது தடுத்தனர்; அதே ஆண்டு நவம்பரிலே அத்தடையைத் திரும்பப் பெற்றனர். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை விளைச்சல் 2022இல் 25 கோடி அளவுக்கு இறங்கிற்று. உரமின்மை அதற்குப் பெருங்காரணம். எரிபொருட் பஞ்சமும் உடன் சேர்ந்தது. கொழுந்து குறைந்தாற் பெயர் குறையும், பெயர் குறைந்தால் அடுப்பு அணையும். முந்திய தடைகள் ஒவ்வொரு நஞ்சாக ஆராய்ந்து, மாற்று உண்டா எனப் பார்த்து, ஆண்டுகள் பலவற்றிற் படிப்படியாய் நிகழ்ந்தவை. பிந்தியதோ ஒரு வர்த்தமானித் தாளில் முடிந்தது. இரண்டையும் 'தடை' என்னும் ஒரே சொல்லாற் சுட்டுவது தகாது.

மலையில் வாழ்வோர்க்கு இன்னுமொரு பொறுப்பு உண்டு. டிக்கோயாப் பக்கத்து நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்திற் சேர்ந்து களனியாகின்றது. தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியே மகாவலியாகின்றது. களனிநீரை அம்பத்தளையில் எடுத்துக் கொழும்பு மக்கள் அருந்துகின்றனர். மகாவலி நீரில் நெல் விளைகின்றது. மழை பெய்யுமுன் தெளித்தால் தெளித்தது கான் வழியே ஓடி எங்கே போகும் என்பதைப் பூமிசாத்திரப் பாடத்தில் நம் மாணவர் வரைபடத்திற் காணலாம். நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்கள் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். பறிப்பதற்கு முன்னைய நாள் தெளித்த கோவாவும் லீக்சும் கொழும்புக்கு மட்டும் போவதில்லை. ஹட்டன் சந்தைக்கும் வருகின்றன.

மொழியாசிரியர்களாகிய நாம் இவ்விடயத்திற் செய்யக்கூடியது யாது எனச் சிலர் கேட்பர். பீடைகொல்லிக் கலத்தின்மேல் ஒட்டிய சிட்டை தமிழிலும் இருக்க வேண்டியது. அதனைப் படித்துப் பொருள் கூறுமாறு 9ஆம், 10ஆம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பாடம் வைக்கலாம். கிரகித்தற் பயிற்சிக்கு அதனினும் பயனுள்ள உரைப்பகுதி அரிது. முதலிற் பார்க்க வேண்டுவது சிட்டையின் அடியிலுள்ள வண்ணப்பட்டை. சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், அதனை அடுத்து நீலம், ஈற்றிற் பச்சை. பச்சையும் பால் அன்று என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். அடுத்து, தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் விடவேண்டும் என்னும் குறிப்பு. மாணவர் பெரும்பாலும் காணாது தாண்டிச் செல்லும் வரி அது. அதன்பின், கலக்கும் அளவு. சிட்டையிலே மில்லிலீற்றர் என்று அச்சிட்டிருக்க, வீட்டிலே மூடியாலும் தேநீர்க் கோப்பையாலும் அளக்கின்றனர். மூடி எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்பதை மாணவரே நீர் ஊற்றி அளந்து பார்க்கட்டும். முதலுதவிப் பகுதியை உரக்கப் படிக்கச் சொல்லலாம். நஞ்சுண்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும்போது சிட்டையையும் உடன் கொண்டு செல்ல வேண்டும் என்பதை மாணவர் வீட்டிற் சென்று சொல்லட்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தாலன்றி வைத்தியர் எந்த மாற்றைத் தருவார்? நஞ்சை வேறு போத்தலுக்கு மாற்றினால் இச்சிட்டையே இல்லாமற் போகின்றது. வெறுமையான கலத்தை மும்முறை அலசி, அலசிய நீரையும் பம்பிலேயே ஊற்றி, மீண்டும் எவரும் தண்ணீர் மொள்ளாதபடி அடியிலே துளையிட்டுவிட வேண்டும்.